வீட்டில் ஒருவருக்கு அக்கி கண்டால் விடுமுறைப் பயணத்தைக் கைவிட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளித் தேர்வுகள் முடிந்து, குடும்பங்கள் கோடைப் பயணத்துக்கு மூட்டை கட்டும் நேரம் இது. 60 நாள்களுக்கு முன்பே ரயிலில் இடம் பிடித்து, தங்குமிடத்துக்கும் முன்பணம் கட்டிவிட்ட பிறகு, புறப்படும் வாரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு முதுகிலோ விலாவிலோ அக்கி கண்டுவிட்டால், "இது பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா, போகலாமா, வேண்டாமா" என்ற கேள்வி அந்த வீட்டின் நிம்மதியைப் பறித்துவிடுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பின்னர் தாலுகா மருத்துவமனையிலும் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், சித்திரை, வைகாசி மாதங்களில் இந்தக் கேள்வியோடு என்னைத் தேடி வருபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அவர்கள் அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே கேட்டுவிட்டு வரும் பதில்கள் இரண்டே வகைதான். "இதுவும் அம்மைதான், எல்லோருக்கும் வந்துவிடும், ஒருவரும் வாசலைத் தாண்டக் கூடாது" என்பது ஒன்று. "வெறும் சூட்டுக் கொப்புளம், ஒன்றும் செய்யாது" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதலாவதால் வீண் செலவும் மனக்கசப்பும் மிஞ்சும்; இரண்டாவதால் சில வீடுகளில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். அக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றுவதில்லை. சின்னம்மை வார்த்து எழுந்தவருடைய உடம்பில், கொப்புளங்கள் ஆறிப் பொருக்கு உதிர்ந்த பின்னும், அதற்குக் காரணமான வேரிசெல்லா ஜோஸ்டர் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் முகத்துக்குச் செல்லும் நரம்பின் முடிச்சிலும் ஒடுங்கிக் கிடக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, வயதாலோ, நோயாலோ, உட்கொள்ளும் மருந்தாலோ உடம்பின் எதிர்ப்பு தளரும்போது, அது ஏதேனும் ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வருகிறது. அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில், ஒரு பட்டை போல மட்டும் தோன்றி நடுக்கோட்டோடு நின்றுவிடுவது இதனால்தான். ஆக, தாத்தாவுக்கு வந்த அக்கி அவருடைய சொந்த உடம்பிலிருந்தே வந்தது. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் அந்தக் கொப்புளத்தில் கோத்திருக்கும் நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. சின்னம்மை ஒருபோதும் வராத, அதற்கான தடுப்பூசியும் போடாத ஒருவருக்கு அது சென்று சேர்ந்தால் அவருக்குச் சின்னம்மை வரும். அக்கி கண்டவர்களோடு பழகிய குழந்தைகளுக்குச் சின்னம்மை வந்ததை புடாபெஸ்ட் நகரக் குழந்தை மருத்துவர் பொக்காய் 1892-லேயே கவனித்து எழுதினார். இரண்டுக்கும் காரணம் ஒரே வைரஸ்தான் என்பதை அமெரிக்கரான தாமஸ் வெல்லர் 1950-களில் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். உடம்புக்குள் ஒடுங்கிக் கிடந்த பழைய வைரஸே அக்கியாக எழுகிறது என்ற கருத்தை விரிவாக நிறுவியவர், இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்சன். அவருடைய கட்டுரை 1965-இல் வெளிவந்தது. பெரிய மருத்துவக் கல்லூரி எதையும் சாராமல், தம்மிடம் வந்த நோயாளிகளின் குறிப்பேடுகளை ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வைத்திருந்தே இதைச் செய்தார் என்பது, குறிப்பேடு எழுதியே காலம் கழித்த என் போன்றோருக்குத் தனி மகிழ்ச்சி.

எப்போது தொற்றும் என்பதிலும் குழப்பம் நிறைய இருக்கிறது. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே மூச்சுக்காற்றின் வழியாகப் பரவத் தொடங்கிவிடும். நோய் எதிர்ப்பு இல்லாத வீட்டாரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை அதற்கு ஆளாகக்கூடும். அக்கி அப்படியல்ல. தோலில் எரிச்சலும் குத்தலும் மட்டும் இருக்கும் ஆரம்ப நாள்களில் அது தொற்றாது. கொப்புளம் எழும்பி நீர் கோத்ததிலிருந்து அவை எல்லாம் வறண்டு பொருக்கு கட்டும் வரைதான் தொற்றும். இதற்குப் பொதுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அந்த நாள்களிலும், புண்ணை மூடி வைத்திருந்தால் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, பக்கத்து நாற்காலியில் உட்காருவதாலோ இது பரவுவதில்லை. கொப்புள நீர் பட்ட துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றைப் பிறர் பயன்படுத்தாமல், வெந்நீரிலும் சோப்பிலும் துவைத்துப் போடுவதே போதும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு அக்கி ஒரு பட்டையோடு நிற்காமல் உடம்பெங்கும் பரவினால், அது சின்னம்மையைப் போலவே காற்றிலும் பரவும். அவர் பயணத்தை நினைக்கவே கூடாது. மருத்துவமனையில் இருக்க வேண்டியவர்.

ஆகவே, "அக்கி ஒட்டுமா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. "எங்கள் வீட்டில் யார் யாருக்குச் சின்னம்மை வந்திருக்கிறது, யார் யாருக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது" என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்க வேண்டும். மேலை நாட்டு மருத்துவக் குறிப்புகளைப் படித்துவிட்டு, பெரியவர்கள் எல்லோருக்கும் சிறு வயதிலேயே வந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். குளிர் நாடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நம்முடையதைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை பொதுவாகச் சற்று வயது கூடிய பிறகே வருகிறது. இருபது, முப்பது வயதுவரை அது அண்டாதவர்கள் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். புதிதாகத் திருமணமான பெண், முதல் குழந்தையைச் சுமக்கும் மருமகள், வேலைக்காக வெளியூரில் தங்கியிருக்கும் மகன் ஆகியோரில் யாருக்கும் வராமல் இருந்திருக்கலாம். குழந்தைகளின் நிலையோ இன்னும் கலப்பானது. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியார் மருத்துவரிடம் பணம் கொடுத்துப் போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கே அது இருக்கிறது. அவர்களிலும் முதல் தவணையோடு நிறுத்திவிட்டவர்கள் பலர். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரியவர்களைப் பொறுத்தவரை அம்மாவின் நினைவுதான் ஆவணம். வேப்பிலை படுக்கையும் மூன்று முறை தண்ணீர் ஊற்றியதும் எந்தத் தாய்க்கும் மறப்பதில்லை என்பதால், அந்த ஆவணம் பெரும்பாலும் நம்பத்தக்கதே.

இந்தக் கணக்கெடுப்பில் எல்லோரும் தேறிவிட்டால், வீட்டாருக்குத் தொற்றும் என்ற காரணத்துக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டிய தேவை எதுவும் இல்லை. தேறாதவர் ஒருவர் இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது நாள் கணக்கு. இதைத்தான் பெரும்பாலோர் தவறாகப் போடுகிறார்கள். வைரஸ் உடம்புக்குள் புகுந்த நாளிலிருந்து சின்னம்மை வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். திங்கட்கிழமை தாத்தாவுக்குக் கொப்புளம் எழுந்து, வெள்ளிக்கிழமை குடும்பம் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, அடுத்த புதன்கிழமை திரும்பினால், பேரனுக்கு ஒருவேளை தொற்றியிருந்தாலும் அது வெளிப்படுவது பெரும்பாலும் திரும்பி வந்த பிறகுதான். மாறாக, மூன்று வாரம் தங்குவதற்காக டெல்லிக்கோ துபாய்க்கோ உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களாக இருந்தால், போன இடத்தில், பிறர் வீட்டில், அம்மை வார்த்துப் படுக்க நேரிடலாம். அதற்கு முந்தைய ஓரிரு நாளில் அங்குள்ளவர்களுக்கும் பரப்பியிருக்கலாம். எனவே சில நாள் சுற்றுலாவுக்கு ஒரு பதில், மூன்று வார விருந்துக்கு வேறு பதில். புறப்படும் நாளை இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டு ஆபத்து நீங்கிவிட்டதாக நிம்மதி அடைபவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வயது கடந்த, தடுப்பூசி போடாத குழந்தைக்கும், கருவுறாத, வேறு நோய்க்குறை இல்லாத பெரியவருக்கும் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. கொப்புள நீரோடு தொடர்பு ஏற்பட்ட மூன்று நாளுக்குள், தவறினால் ஐந்து நாளுக்குள், சின்னம்மைத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டால் நோய் வராமலே போகலாம், வந்தாலும் கடுமை குறையும். ஜப்பானியரான மிச்சியாக்கி தகஹாஷி, தம் மூன்று வயது மகன் சின்னம்மையில் துடித்ததைக் கண்ட பிறகு உழைத்து 1974-இல் உருவாக்கிய தடுப்பூசி இது. பயணத்துக்கு முந்திய வாரத்தில் செய்ய வேண்டிய வேலைகளில் பெட்டி அடுக்குவதற்கு முன்னால் இதுதான் வர வேண்டும்.

தொற்றினால் உண்மையிலேயே ஆபத்துக்கு உள்ளாகிறவர்கள் சிலரே. ஆனால் அவர்கள் விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. சின்னம்மை வராத கர்ப்பிணிகள் முதலில் வருகிறார்கள். கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய்க்குச் சின்னம்மை வந்தால், நூற்றில் ஒன்றிரண்டு கருவுக்கு நிரந்தரக் குறை ஏற்படக்கூடும். பிரசவத்துக்கு முந்தைய ஐந்து நாள் முதல் பிந்தைய இரண்டு நாள் வரையிலான காலத்தில் தாய்க்குக் கொப்புளம் கண்டால் பச்சிளங்குழந்தைக்கு உயிராபத்து. தாய்க்கும் நுரையீரலில் கடும் அழற்சி வரலாம். குறைமாதக் குழந்தைகள், புற்றுநோய்க்காகக் கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், நீண்ட நாளாக அதிக அளவில் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருகிறார்கள். இவர்களில் ஒருவர் வீட்டில் இருந்தாலோ, போய்ச் சேரும் வீட்டில் இருந்தாலோ, அக்கி கண்டவர் பொருக்கு கட்டும் வரை அங்கே இருக்கக் கூடாது. போய்ச் சேரும் வீட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஏழாம் மாதத்து வளைகாப்புக்கென்று சம்பந்தி வீட்டுக்குக் கூட்டமாகப் போகும் குடும்பம், அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். ஏற்கெனவே தொடர்பு ஏற்பட்டுவிட்டிருந்தால் அந்தப் பெண் அன்றைக்கே தம் மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கவும், இல்லையென்றால் உரிய ஊசியோ மருந்தோ கொடுக்கவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கெடு பத்து நாள்தான். அதே சமயம், கர்ப்பிணிக்கே அக்கி வந்தால் கருவுக்குக் கெடுதல் என்று அஞ்ச வேண்டியதில்லை. அது பழைய வைரஸ், அதற்கான எதிர்ப்பு தாயின் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

இதன் மறுபக்கமாகவும் ஒரு பயம் உலவுகிறது. விடுமுறைக்கு வந்த பேரனுக்குச் சின்னம்மை போட்டுவிட்டால், அவனிடமிருந்து பாட்டிக்கு அக்கி ஒட்டிக்கொள்ளும் என்று பேரனையே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பாட்டிக்கு முன்பே சின்னம்மை வந்திருந்தால் பேரனால் அவருக்கு அக்கி வராது.

தொற்றைப் பற்றிய இத்தனை பதற்றத்திலும் மறக்கப்படுகிறவர் அக்கி கண்டவர்தான். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு விலாவில் அக்கி வந்தது. மகன், மருமகள் இருவருக்கும் சிறு வயதில் சின்னம்மை வந்திருந்தது. பேரப்பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு தவணைத் தடுப்பூசியும் முடிந்திருந்தது. அவரால் ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவரைப் பின்கட்டு அறையில் தனியே விட்டு, சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டு, மற்றவர்கள் உதகைக்குப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். யாரோ சொன்னதைக் கேட்டு அஞ்சியவர்கள். நான் போய்ப் பார்த்தபோது அவர் தம் வலியைப் பற்றி முதலில் பேசவில்லை, "என்னால் பிள்ளைகளுக்கு ஏதும் ஆகிவிடாதே, சிஸ்டர்?" என்றுதான் கேட்டார். அதற்குள் கொப்புளம் எழுந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இடையில் யாரோ அவரை அழைத்துச் சென்று அக்கி எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். வலி பல மாதங்கள் அவரை விடவில்லை.

அக்கி எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மண்பாண்டத் தொழிலாளர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் தடவிக்கொள்வது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். நான் பணியில் இருந்த காலத்தில் அதைக் கேலி செய்த மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். கேலிக்கு ஆளானவர்கள் அடுத்த முறை மருத்துவமனைப் பக்கமே வரவில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். எழுதிக்கொள்கிறவர் எழுதிக்கொள்ளட்டும், உடைந்த புண்ணின் மேல் மட்டும் பூச வேண்டாம். ஆனால் அது வைரஸைக் கட்டுப்படுத்துவதில்லை. அக்கி தானாகவே இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடுவதால், ஆறிய பெருமை காவிக்குப் போய்விடுகிறது. உண்மையான இழப்பு நேரத்தில்தான். அசைக்ளோவிர் வகை மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. புதிய கொப்புளம் எழுவது சீக்கிரம் நிற்கும், அதனால் பிறருக்குத் தொற்றக்கூடிய நாள்களும் குறையும். பயணத்தைக் காப்பாற்ற விரும்புகிற குடும்பம் செய்யக்கூடிய முதல் காரியமே இதுதான். அசைக்ளோவிரைப் பகலில் ஐந்து வேளை உட்கொள்ள வேண்டியிருப்பதால், ரயிலிலும் பேருந்திலும் வேளை தவறாமல் கொடுக்க யாரேனும் பொறுப்பேற்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவது கூடாது. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வந்தால், குறிப்பாக மூக்கு நுனியில் கொப்புளம் தெரிந்தால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும், பார்வையே பறிபோகக்கூடும். காதில் கொப்புளமும் முகம் ஒரு பக்கம் கோணுவதும் சேர்ந்து வந்தாலும் அப்படியே. இந்த இரண்டிலும் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மற்றபடி, அக்கி கண்டவர் போகலாமா என்பதை அவருடைய வலிதான் தீர்மானிக்க வேண்டும். சட்டை உரசினாலே துடிக்கிற ஒருவரைப் பன்னிரண்டு மணி நேரம் படுக்கை வசதிப் பெட்டியில் ஆட்டிக்கொண்டு போவது அன்பு ஆகாது. வலி அடங்கியிருந்தால், ஒட்டாத கட்டுத்துணியால் புண்ணை மூடி, அதன் மேல் தளர்வான பருத்திச் சட்டை அணிந்து போகலாம். பொருக்கு கட்டும் வரை குற்றால அருவியிலும் விடுதி நீச்சல் குளத்திலும் இறங்க வேண்டாம். கைக்குழந்தையைப் புண் உள்ள பக்கம் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ராமேசுவரத்துக்குப் போய் 22 தீர்த்தங்களிலும் நீராட நினைத்திருந்தவர்கள் அதை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அக்கி வராமல் தடுக்கும் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. நல்ல பலன் தருவதுதான், ஆனால் விலை சாதாரண ஓய்வூதியக்காரருக்கு எட்டாது. அரசு இப்போதே அதை இலவசமாகத் தர வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிட முந்தியவை பல இருக்கின்றன. செலவே இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கப் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் சந்திக்கும் முதியவர்களே அக்கிக்கும் பெரிதும் ஆளாகிறவர்கள். "உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளம் வந்தால் மூன்று நாளுக்குள் வாருங்கள்" என்று சொல்லவும், வீட்டில் கர்ப்பிணியோ தடுப்பூசி போடாத குழந்தையோ இருக்கிறார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவும் அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசைக்ளோவிர் மாத்திரை கோடை மாதங்களில் தட்டுப்பாடின்றி இருக்கும்படி சுகாதாரத் துறை பார்த்துக்கொள்ள வேண்டும். 104 மருத்துவ உதவி எண்ணில் பதில் சொல்பவர்களும், "ஒட்டுமா" என்று கேட்பவரிடம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கொப்புளம் எழுந்து எத்தனை நாள் ஆயிற்று, எங்கே எத்தனை நாள் போகிறீர்கள் என்ற மூன்றையும் கேட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு செவிலியர்,
கும்பகோணம்.